இடது தொடைக்கு இடது மார்பு

பொள்ளாச்சிக்கும் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்கும் இடைப்பட்ட ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதன்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். 45 நாள் ஊசிக்கு வந்த குழந்தை அம்மிச்சி (அம்மாவின் அம்மா) மடியில் இருக்கும். பெற்றவள் வராந்தாத் தூணோரம் காதைப் பொத்திக்கொண்டு நிற்பாள். "நீ பாக்க வேண்டாஞ் சாமி, நான் புடிச்சுக்கறேன்" என்று சொல்லித்தான் அம்மிச்சி குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருப்பார். பாசந்தான். ஆனால் ஊசி வலிக்குக் காசில்லாமல் கிடைக்கிற நல்ல மருந்து தாய்ப்பால். அதைத் தூணோரம் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

இதை ஊசி அறையில் வைத்து மாற்ற முடியாது. அங்கே முப்பது குழந்தைகள் வரிசையில் அழும்; செவிலியருக்குப் பேச நேரமிருக்காது; தாய் ஆறு வாரமாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள். சொல்ல வேண்டிய காலம் கர்ப்பத்தின் ஏழாம், எட்டாம் மாதம். நம் பக்கத்தில் அதற்கு ஒரு வசதியும் உண்டு. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அவளுடைய அம்மா, மாமியார், கணவன் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பும் நடக்கிறது. கலவை சாதம் பரிமாறுவதற்கு முன் இதற்கு ஒரு வகுப்பு எடுக்க அரை மணி நேரம் கிடைத்தால் போதும். பெண்ணுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தால் வேலை பாதிதான் முடிந்தது. ஊசி அறைக்குள் முடிவெடுப்பவர் அம்மிச்சி.

முதலில் வருகிற கேள்வி எப்போதும் இதுதான்: "பச்சக் கொழந்தைக்கு என்னங்க தெரியும்? ரெண்டு நிமிசம் அழும், மறந்துரும்." மருத்துவர்களே ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தார்கள். பிறந்த குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்து கொடுக்காமல் அறுவை சிகிச்சை செய்த காலம் ஒன்று இருந்தது. கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற இந்திய வம்சாவளி மருத்துவரும் பி.ஆர். ஹிக்கியும் 1987ல் வெளியிட்ட கட்டுரை, பச்சிளம் குழந்தையின் நரம்புகளுக்கு வலியை உணரும் திறன் முழுமையாக உண்டு என்று காட்டி அந்த வழக்கத்தை அசைத்தது. மறந்துவிடும் என்பதும் சரியில்லை. வலி மருந்து இல்லாமல் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள் நான்கு, ஆறு மாதத் தடுப்பூசியின்போது மற்றவர்களைவிட அதிகம் அழுததாக 1997ல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு சொல்லியது. 2015ல் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலியைக் குறைப்பதற்கென்றே பரிந்துரைகளை வெளியிட்டது. குழந்தையைக் கையில் வைத்திருங்கள், பெற்றோர் கூட இருங்கள், ஊசியின்போதோ சற்று முன்போ பால் கொடுங்கள், அதிகம் வலிப்பதைக் கடைசியாகப் போடுங்கள் என்பவை அதன் சாரம். ஊசியைக் குத்திவிட்டு ரத்தம் வருகிறதா என்று பின்னுக்கு இழுத்துப் பார்ப்பது தேவையில்லை, அது வலியைக் கூட்டும் என்பதும் அதில் இருக்கிறது. இது செவிலியருக்கான குறிப்பு.

இனி எந்த ஊசி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இது தெரியாமல் மற்றது எதுவும் உதவாது.

பிறந்தவுடன் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி, இடது தொடையில். காசநோய்க்கான பிசிஜி, இடது மேல்கையில். 45 நாள் ஊசி என்று நாம் சொல்வது கணக்குப்படி 6 வாரம், அதாவது 42 நாள். அன்று வாயில் போலியோ சொட்டும், வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டும். பிறகு மூன்று குத்து: போலியோ ஊசி வலது மேல்கைத் தோலில் 0.1 மில்லி, நிமோனியாவுக்கான பிசிவி வலது தொடையில் 0.5 மில்லி, கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கான பென்டா இடது தொடையில் 0.5 மில்லி. 10ஆம் வாரம் சொட்டுகளோடு ஒரே குத்துதான், இடது தொடையில் பென்டா. 14ஆம் வாரம் மறுபடியும் ஆறாம் வாரத்தைப் போலவே மூன்று. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா வலது மேல்கையில், பிசிவி வலது தொடையில், போலியோ ஊசியின் மூன்றாம் தவணை இடது மேல்கையில். இது மத்திய அரசின் அட்டவணை. எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றேதான்.

இப்போது ஒரு துண்டை எடுத்துச் சுருட்டிக் குழந்தைபோல் பிடித்துப் பாருங்கள். இடது மார்பில் பால் கொடுக்கும்போது குழந்தையின் தலை உங்கள் இடது முழங்கையில், முகமும் வயிறும் உங்களைப் பார்த்து. அப்போது குழந்தையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது? இடது பக்கம். இடது கையும் இடது தொடையும் வெளியே தெரியும். வலது கையும் காலும் உங்கள் உடம்போடு அடியில் இருக்கும். வலது மார்புக்கு மாற்றினால் வலது பக்கம் மேலே வரும். ஆகவே 10ஆம் வாரத்துக்கு இடது மார்பு மட்டும் போதும். 6ஆம், 14ஆம் வாரங்களில் வலது மார்பில் ஆரம்பிக்க வேண்டும். வலது கை, வலது தொடை இரண்டும் முடிந்த பிறகு இடது மார்புக்கு மாற்றி இடது தொடைக்குக் கொடுக்க வேண்டும். அதிகம் கடுக்கிற பென்டாவும் இந்த வரிசையில் கடைசியாகப் போய்விடும். செவிலியர் வேறு வரிசை வைத்திருந்தால் அவர் சொல்வதைக் கேட்டு மார்பை மாற்றிக்கொள்ளுங்கள். பக்கம் பொருந்துவதுதான் முக்கியம்.

வகுப்பில் இதை வாயால் சொன்னால் நிற்காது. ஒரு பெரிய ஈரோட்டுத் துண்டு, 2 கிலோ அரிசி கட்டிய துணிப்பை, அரிசி நிரப்பிய இரண்டு சாக்ஸ் கால்களுக்கு, இரண்டு கைகளுக்கு. அரிசிப் பையைத் துண்டில் சுருட்டினால் உடம்பு. இடது காலிலும் இடது கையிலும் சிவப்பு நூல் கட்டுங்கள். பாரம் இருக்க வேண்டும். காற்றடைத்த பிளாஸ்டிக் பொம்மையில் யாரும் கற்றுக்கொள்வதில்லை, அது தலைகீழாகப் பிடித்தாலும் கைக்கு வித்தியாசம் தெரியாது. "பென்டா!" என்று ஒருவர் கூப்பிட, சிவப்பு நூல் கால் மேலே வருகிறாற்போல மற்றவர் பிடிக்க வேண்டும். பிறகு "பிசிவி!" நான்கைந்து முறை மாற்றினால் கை பழகிவிடும். அம்மிச்சியும் செய்ய வேண்டும். கணவனும். அவர்கள் வேலை கால் பிடிப்பது.

கால் பிடிப்பது என்றால் கணுக்காலை இறுக்கி அமுக்குவது இல்லை. மேலே இருக்கிற முழங்காலை உள்ளங்கையால் மூடினாற்போல லேசாகப் பிடித்தால் போதும், உதைத்தால் மட்டும் இறுக்கம் கூடும். குழந்தையை மல்லாக்க மேசையில் படுக்கப் போட்டு நான்கு பேர் அமுக்குவதுதான் மிக அதிக அழுகையைக் கொண்டுவரும் முறை. போலியோ ஊசிக்கு மட்டும் கொஞ்சம் கவனம் கூட வேண்டும். அது தோலுக்கடியில் போகாது, தோலுக்குள்ளேயே மெதுவாகப் போய்ச் சின்னக் கொப்புளம்போல் எழும்ப வேண்டும். சில விநாடி கூடுதலாகப் பிடிக்கும். கை ஆடினால் மருந்து வெளியே வழியும். முழங்கையின் அடியில் ஒரு கை கொடுத்துத் தாங்குங்கள்.

கர்ப்பிணிக்கே டிடி ஊசி போடுகிறார்களே, அதையும் பாடமாக்கலாம். கையை முறுக்கி வைத்துக்கொண்டு போட்டுக்கொண்டால் எப்படி இருக்கிறது, தோளைத் தளரவிட்டு மெதுவாக மூச்சை வெளியே விட்டபடி போட்டுக்கொண்டால் எப்படி இருக்கிறது என்று அவளே பார்த்துக்கொள்வாள். மடியில் குழந்தை இருக்கும்போது அவளுடைய உடம்பு இறுகினால் அது குழந்தைக்கும் தெரியும் என்று பிறகு விளக்க வேண்டியதில்லை.

எங்கே தவறுகிறது? பெரும்பாலும் நேரத்தில். "அழாம இருக்கட்டும்" என்று வீட்டில் வயிறு முட்டக் கொடுத்துக் கூட்டி வருகிறார்கள். முறை வரும்போது குழந்தை அயர்ந்து தூங்குகிறது. எழுப்பி மார்பில் வைத்தால் வாயே திறப்பதில்லை. முந்தின பாலுக்கும் ஊசிக்கும் ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விட்டால் நல்லது. பசியில் கத்துகிற அளவுக்கும் விடக்கூடாது, கத்துகிற குழந்தை மார்பைப் பிடிக்காது. உங்களுக்கு முன்னால் எத்தனை குழந்தை என்று கேட்டு, மூன்று குழந்தை இருக்கும்போது பால் கொடுக்கச் சால்வையை எடுங்கள். வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றிய கருவட்டம் உள்ளே போய், உறிஞ்சி விழுங்குகிற தாளம் கேட்க வேண்டும். தாளம் வந்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஊசி. காம்பு நுனியை மட்டும் பிடித்திருந்தால் குத்திய கணத்தில் வாயை விட்டுவிடும். ஊசி முடிந்ததும் எடுத்துவிடாதீர்கள், இன்னும் சில நிமிடம் குடிக்கட்டும். நடுவில் விட்டு அழுதாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நெஞ்சோடு நிமிர்த்தி அணைத்துவிட்டு மறுபடி வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

சொட்டு மருந்து கொடுத்த உடனே பால் கொடுக்கலாமா என்ற சந்தேகம் எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு. கொடுக்கலாம். போலியோவுக்கும் ரோட்டாவுக்கும் தாய்ப்பாலில் தடை எதுவும் இல்லை. வரிசை இப்படி: சொட்டுகள் முதலில், பிறகு மார்பு, பிறகு ஊசி.

இரண்டாவது தவறு உடை. புது பேன்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டு அழைத்து வந்தால் பால் குடிக்கும்போது கழற்ற முடியாது. முன்பக்கம் முடிச்சுப் போடுகிற கையில்லாத ஜப்லா, கீழே துணி நாப்கின், அவ்வளவுதான். தாய்க்கு முன்பக்கம் திறக்கிற நைட்டி அல்லது ரவிக்கை. கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி வசதி. கைப்பிடி இருந்தால் தொடை அதன் மறைவில் போய்விடும், செவிலியரால் எட்ட முடியாது. சுவரோரம் சற்று ஓரம் திரும்பி உட்கார்ந்து மேலே ஒரு துண்டு போட்டுக்கொண்டால் மறைவுக்கும் ஆயிற்று.

மூன்றாவது, செவிலியர் மறுப்பது. "பால் குடிச்சுட்டே போட்டா பொரையேறிரும்மா." அவர்கள் பயம் நியாயமானதுதான், அழும்போது வாயில் பால் இருக்கிறதே என்று. ஆனால் பால் குடிக்கும்போது ஊசி போட்டதால் பொரையேறியதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை; குத்தியதும் அழுகை வந்தால் குழந்தை உறிஞ்சுவதை நிறுத்தி வாயை விட்டுவிடும். வாதாட வேண்டாம். "நான் வலதுபக்கம் வெச்சுக்கறேன் சிஸ்டர், ரெண்டும் போட்டுருங்க, அப்பறம் மாத்திக்கறேன்" என்று பக்கத்தைச் சொல்லிக் கேட்டால் உங்களுக்கு விஷயம் தெரியும் என்று அவருக்கே புரிந்துவிடும். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா பக்கம் தாய்வீடு என்றால் அங்கே ஊசியை மலையாளத்தில் குத்திவெப்பு என்பார்கள். "சிஸ்டரே, பாலு கொடுத்தோண்டு குத்திவெக்காமோ?" (பால் கொடுத்தபடியே ஊசி போடலாமா?) இந்த ஒரு வாக்கியத்தை அம்மிச்சிக்கும் சொல்லி வைப்பது நல்லது. அப்படியும் முடியாது என்றால் ஊசிக்கு முந்தின நிமிடம் வரை கொடுத்துவிட்டு, நிமிர்த்தி அணைத்தபடி போட்டுக்கொண்டு, உடனே மறுபடி மார்பில் வைக்கவும். ஓரளவு பயன் கிடைக்கும்.

ஒன்பதாம் மாதத்தில் பல் முளைத்திருக்கும், கடித்துவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். தயக்கம் இருந்தால் வேண்டாம். மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்கார வைத்துக் கட்டிப்பிடித்து, கிலுகிலுப்பையோ சாவிக்கொத்தோ ஆட்டிக் கவனத்தைத் திருப்பி, முடிந்த நொடியில் பால் கொடுத்தால் போதும். அன்று காத்திருப்பும் கொஞ்சம் அதிகமாக இருக்கலாம். தட்டம்மைக் குப்பியைத் திறந்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும்; அதனால் இன்னும் சில குழந்தைகள் சேரட்டும் என்று செவிலியர் பார்ப்பார். பிசிஜி குப்பிக்கும் இதே கதை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிறந்த அன்றைய ஊசிதான் எல்லோரும் கோட்டை விடுவது. பிரசவ அறைக்குப் பக்கத்து அறைக்குக் குழந்தையைத் தனியாகத் தூக்கிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். சீம்பால் ஊறத் தொடங்கியிருந்தால் இடது மார்பில் வைத்துக்கொள்ளலாம், இரண்டு ஊசியும் இடதுபக்கம்தான். பால் பிடிக்கவில்லை என்றால் நாப்கினோடு மட்டும் வெறும் நெஞ்சில் தோலோடு தோலாகக் கிடத்தி முதுகில் துணி போர்த்திப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள். சிசேரியன் ஆகித் தாய் எழ முடியாவிட்டால் அப்பா நெஞ்சும் நெஞ்சுதான். வார்டில் ஆண்களை விடமாட்டார்கள் என்றால் அம்மிச்சி. இதை வலி வந்தபிறகு கேட்க முடியாது. கடைசிப் பரிசோதனைக்குப் போகும்போதே பிரசவ வார்டு செவிலியரிடம் பேசி வையுங்கள்.

சர்க்கரைத் தண்ணீரைப் பற்றிக் கடைசியாகத்தான் சொல்லுவோம், அதுவும் தயங்கித்தான். அது வேலை செய்யும். இனிப்பு குழந்தையின் வலியைக் குறைப்பது உறுதிப்பட்ட விஷயம். ஆனால் பிறந்த குழந்தை நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைக்கிற பழக்கமும், எல்லைக்கு அந்தப்பக்கம் தேனும் வயம்பும் (வசம்பு) உரைத்து நாக்கில் தடவுகிற பழக்கமும் உள்ள ஊர் இது. ஊசிக்குச் சர்க்கரை என்று சொன்னால் வயிற்றுவலிக்கும் சர்க்கரை, தூங்காவிட்டாலும் சர்க்கரை என்றாகிவிடும். தாய்ப்பால் கொடுக்க வழியே இல்லாத குழந்தைக்கு மட்டும், ஊசி நாளில் மட்டும்: கொதித்து ஆறிய தண்ணீர் 2 தேக்கரண்டி, வெள்ளைச் சர்க்கரை 1 தேக்கரண்டி. சுத்தமான பாலாடையில் அல்லது ஊசியில்லாத சிரிஞ்சில் 2 மில்லி, ஊசிக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பு, கன்னத்தின் உட்புறம் சொட்டுச் சொட்டாக. மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தேன் ஒரு வயதுவரை ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பச்சிளம் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கி உடம்பைத் தளரச் செய்துவிடும். கருப்பட்டி, வெல்லமும் வேண்டாம்.

தனியார் மருத்துவமனைகளில் பென்டாவுக்குப் பதிலாக "வலியில்லா ஊசி" என்று ஒன்றை ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு போடுகிறார்கள். குத்தும்போது அதுவும் வலிக்கும். வித்தியாசம் அதிலுள்ள கக்குவான் மருந்தின் வகையில். போட்ட பிறகு வருகிற காய்ச்சலும் வீக்கமும் அதில் குறைவு, அவ்வளவே. மரத்துப்போகச் செய்யும் களிம்பும் கிடைக்கிறது, ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது மொத்தமாக 1 கிராமைத் தாண்டக்கூடாது. மூன்று இடத்தில் ஆளுக்கொரு கை தடவினால் அளவு எங்கேயோ போய்விடும். மருத்துவர் சொல்லாமல் வாங்காதீர்கள்.

பாராசிட்டமாலை ஊசிக்கு முன்பே கொடுத்து வருகிறவர்களும் உண்டு. குத்துகிற வலியை அது தொடுவதே இல்லை. முன்கூட்டியே தடுப்பாகக் கொடுத்தால் தடுப்பூசிக்கு உடம்பு உருவாக்கும் எதிர்ப்பும் குறையலாம் என்று 2009ல் செக் நாட்டில் செய்த ஆய்வு காட்டியது. காய்ச்சல் வந்து குழந்தை அனத்தினால் மட்டும், அளவைச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டுக் கொடுங்கள். எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 5 கிலோ குழந்தைக்கு 50 முதல் 75. இதில் ஆபத்து எங்கே என்றால் பெரும்பாலும் சொட்டுப் புட்டியில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். அந்தச் சிரப் என்றால் 2 முதல் 3 மில்லி. சொட்டு என்றால் அரை முதல் முக்கால் மில்லி. பக்கத்து வீட்டில் "ரெண்டரை மில்லி குடுத்தோம்" என்று சொன்னதைக் கேட்டுச் சொட்டுப் புட்டியிலிருந்து ரெண்டரை மில்லி கொடுத்தால் 250 மில்லிகிராம் போய்விடும். இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. புட்டியின் மேலட்டையை வகுப்புக்கே கொண்டுவந்து படிக்கச் சொல்வது நல்லது.

அன்று இரவு தொடை கடுக்கும், காலை அசைத்தால் அழும். ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து மேலே வைக்கலாம். தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம், எண்ணெய் தேய்த்து நீவுவது எல்லாம் வேண்டாம். பிசிஜி போட்ட கையில் இரண்டு மூன்று வாரத்தில் சின்ன முடிச்சு எழும்பி, பிறகு உடைந்து கசிந்து, தானாகத் தழும்பாக ஆறும். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைக்க வேண்டாம். 3 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் அழுதாலோ, துவண்டு வெளிறிப்போனாலோ, வலிப்பு வந்தாலோ, பால் குடிப்பதையே விட்டாலோ உடனே மருத்துவமனை. ஊசி போட்ட பிறகு மையத்தில் அரை மணி நேரம் உட்காரச் சொல்வதும் இதற்காகத்தான். அந்த அரை மணி நேரமும் குழந்தை அம்மாவிடம் இருக்கட்டும். அம்மிச்சி தாய்-சேய் அட்டையில் அடுத்த தேதியை எழுதி வாங்கி வரலாம்.

இன்னொன்றும் மாமியாரும் அம்மிச்சியும் கூட இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். "வலிக்கவே வலிக்காது", "ஐயோ பாவம் குத்திப்புட்டாங்களே" இரண்டும் வேண்டாம். முதலாவது பொய், இரண்டாவது அழுகையைக் கூட்டுவது. சாதாரணக் குரலில் "ஊசி போட்டாச்சு கண்ணு, அம்மா இருக்கேன்" போதும். குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு "சோறு திங்கலீன்னா நர்சம்மாகிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்" என்று எந்த வீட்டில் மிரட்டுகிறார்களோ, அந்த வீட்டுக் குழந்தைதான் ஒன்றரை வயது ஊசிக்கு வாசலிலேயே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுக்கும்.